கரிமுத்து பின்னால் போன கதை

“அண்ணே, கொக்கி விரியுது!”

கடைசிப் பெட்டி சின்னி அலறினாள். எஞ்சினும் பெட்டியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலை ரயிலுக்கு எஞ்சின் முன்னால்தான் போகும். கரிமுத்து என்று அவனுக்குப் பெயர். மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு செங்குத்தில் ஏறிக்கொண்டிருந்தவனுக்குப் புகை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“எவ்வளவு விரிஞ்சிருக்கு?”

“விரல் போகும்ணே. உள்ள பிள்ளைங்க ஜன்னல்ல தொங்கிக்கிட்டுப் பாடுதுங்க. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

கொக்கி விட்டால் சின்னி பின்னோக்கி ஓடுவாள். கீழே பாலம். பாலத்துக்கு அடியில் வெறும் மூடுபனி. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கரிமுத்து குலுங்காமல் ஊர்ந்து, தண்ணீர் பிடிக்கும் நிறுத்தத்தில் போய் நின்றான். டிரைவர் சவரியப்பன் இறங்கி வந்து கொக்கியைப் பார்த்தார்; தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இவளை இங்கயே கழட்டி விட்டுட்டுப் போவோம்டா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போகலாம்.”

“உள்ள இருக்கறவங்க?”

“மத்த ரெண்டுலயும் நிக்கவே இடமில்ல. இங்கயே இருக்கட்டும், என்ன செய்ய?”

இருட்டினால் அந்த நிறுத்தத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு யானைகள் வரும். அது எல்லோருக்கும் தெரியும். சின்னிக்கும் தெரியும்.

“நீ போண்ணே, நான் பாத்துக்கறேன்” என்றாள். என்னத்தைப் பார்த்துக்கொள்வாளோ!

“என் சக்கரத்துல பல் இருக்கு. தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற பல்லைக் கடிச்சுப் பிடிச்சுக்குவேன்” என்றான் கரிமுத்து. “இவளுக்கு என்ன இருக்கு? நான் கீழ நிக்கறேன். என் மேல சாயட்டும்.”

“பின்னால போனா இவ முதுகுதான்டா உனக்குத் தெரியும்!”

சவரியப்பன் சும்மா சொல்லவில்லை. வளைவில் திரும்பும்போது அருவியை முதலில் பார்ப்பது நான்தான் என்று பெட்டிகளிடம் பீற்றிக்கொள்வதே கரிமுத்துவின் பிழைப்பு. அது போனால் அவனுக்கு மிச்சம் கரியும் தண்ணீரும்தான்.

கரிமுத்து யோசித்தான். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றி வந்து, சின்னியின் பின்னால் நெஞ்சைக் கொடுத்து நின்றான்.

“சாஞ்சுக்கோ.”

“சுடுதுண்ணே.”

“குளிருது குளிருதுன்னு நேத்து அழுதது யாரு?”

இப்போது முன்னால் கண் வேண்டுமே! கொடிக்காரர் பெள்ளன் முதல் பெட்டியின் முகப்பில் ஏறி நின்றார். “பச்சை காட்டினா தள்ளு. சிவப்பு காட்டினா நில்லு.”

கரிமுத்து தள்ளினான். கொஞ்ச தூரத்தில் பெள்ளன் கத்தினார், “அருவி வந்துடுச்சு!”

“எப்படி இருக்கு?”

“தண்ணி கொட்டுது!”

“அது எனக்குத் தெரியாதா? ஒழுங்கா சொல்லுய்யா!”

பெள்ளனுக்கு அதற்கு மேல் சொல்ல வரவில்லை. பிள்ளைகள்தான் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அவ்வளவு பேர் சொல்லி அருவியைக் கேட்டது கரிமுத்துவுக்கு அதுதான் முதல் தடவை.

மலை உச்சியில் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். சின்னிக்குப் புதுக் கொக்கி மாட்டினார்கள். சவரியப்பன் கரிமுத்துவைத் தட்டிக்கொடுத்தார். “அடுத்த ஏத்தத்துக்கு உன் இடத்துக்கு வந்துடு ராசா. முன்னால வா.”

அன்று முதல்தான் மலை ரயில் ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் ஒருவர் கொடியோடு நிற்கிறார். இறங்கும்போது எஞ்சின் முன்னால் வருகிறதே என்று கேட்காதீர்கள். அப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்பது அவன்தான். ஏறும்போது முன்னால் வரச் சொன்னார்கள், அவன் வரவில்லை.