இடப்பக்க ஸ்விட்ச்

செட்டிபாளையம் சாலையில், ரேஸ் டிராக்குக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் ஹம்சவேணியின் பட்டறை இருக்கிறது. ஒரு காலத்தில் ராலிப் பந்தயங்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை வாசித்துச் சொன்னவள். வாங்கிய கோப்பைகளைப் பட்டறைச் சுவரிலேயே வரிசையாக அடுக்கியிருப்பாள். யாராவது பார்க்காமல் போனால் கூப்பிட்டுக் காட்டுவாள். எல்லோரும் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கோவர்த்தனன் அவளுடைய சீடர். அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். பீளமேட்டில் பம்புசெட் ஃபவுண்டரி நடத்தியவர். ஃபவுண்டரியைத் தம்பி கையில் விட்ட பிறகு ஒரு நாள் காருக்கு ஆயில் மாற்ற வந்தார். கார் தயாரானபின்னும் போகாமல் நின்றார்.

“நானும் கத்துக்கலாமா?” என்று கேட்டார்.

ஹம்சவேணி மண்ணெண்ணெய்த் தட்டைக் காட்டினாள். அதில் ஒரு என்ஜினின் உறுப்புகள் கருப்பாகக் கிடந்தன. “முதல்ல கழுவுங்ணா.”

மழைக்காலம் முழுக்க அவர் கழுவினார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் மூக்கு நீண்ட மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, கூரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“ஏனுங்ணா, யாரு காரு?”

“என்னுதுதான்.”

“முட்டிவலிக்கு வைத்தியமுங்களா?”

“சிரிங்க, சிரிங்க. இதுக்கு எலக்ட்ரிக் கட்-அவுட் வைக்கணும், வாத்தியாரம்மா.”

சைலன்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு வாய் வெட்டி, அதற்குள் ஒரு தகட்டை வைப்பார்கள். தகட்டைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். ஸ்விட்சை அழுத்தினால் தகடு திறக்கும். என்ஜினின் சத்தம் சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியே வரும். மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும், காரும் சாதுவாகிவிடும். இதற்குப் பெயர்தான் கட்-அவுட். அவருடைய மனைவி சுலோசனா இதைக் கேட்டுவிட்டு, “எந்த நடிகருக்கு? பால் ஊத்தறதுக்கு நானும் வரட்டுமா?” என்று கேட்டிருந்தாள்.

“ரோட்டுல தொறந்தீங்கன்னா போலீஸ் புடிச்சுக்கும். டிராக்குக்குள்ள மட்டும்தான்” என்றாள் ஹம்சவேணி.

“தெரியும்.”

“யாருக்குக் கேக்கணும்ணா இந்தச் சத்தம்?”

கோவர்த்தனன் காரின் மூக்கைத் துணியால் துடைத்தார். அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை.

“நிரஞ்சன் வர்றான், அடுத்த வாரம். புனேயில இருந்து.”

நிரஞ்சன் அவருடைய மகன். கல்லூரி முடித்த வயதில் அவனிடம் ஒரு பழைய கார் இருந்தது. பகுதிநேர வேலை பார்த்து, தானே வாங்கியது. தன் அறைச் சுவரில் இதே மஞ்சள் காரின் படத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, கீழே தன் பழைய காருக்கு ஒரு கட்-அவுட்டைத் தானே மாட்டினான். தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து பேசினார். கோவர்த்தனன் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் நண்பர்களோடு பைக்கில் வெளியே போயிருந்த நேரத்தில் ஃபவுண்டரியிலிருந்து வெல்டரை வரவழைத்து, அந்த வாயின்மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டச் சொன்னார். நல்ல வெல்டு. ஓரிடத்தில்கூடக் கசியவில்லை. அன்று அதைத் தடவிப் பார்த்து வெல்டரைப் பாராட்டவும் செய்தார். கார்ச் சாவியைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

திரும்பி வந்த நிரஞ்சன் காருக்கடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான்.

“உனக்குத் தகர டப்பாவைத் தட்டத்தான் தெரியும்” என்றார் அப்பா.

அவன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. புனேக்குப் போகும்வரை பஸ்ஸில்தான் போய்வந்தான். பிறகு இத்தனை வருடங்களாகத் தொலைபேசியில், “மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்பான். “சாப்பிட்டேன்” என்பார். “அம்மாகிட்ட குடுங்க” என்பான். அவ்வளவுதான்.

இதெல்லாம் ஹம்சவேணிக்குத் தெரியும். தட்டில் பல்சக்கரங்களைக் கழுவிய நாட்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தார்.

“வாத்தியாரம்மா, ஒருத்தன்கிட்ட இருந்து புடுங்குனதை எப்படித் திருப்பிக் குடுக்கறது?”

“என்ன புடுங்குனீங்க?”

“சத்தத்தை.”

“சத்தம் மட்டும்தானுங்களா?”

“வேற என்ன? அன்னிக்கு நான் மூடுனேன். இன்னிக்கு நானே தொறக்கறேன். ஏர்போர்ட்ல இருந்து நேரா டிராக்குக்குக் கூட்டிட்டு வந்து, அவன் காதுல விழற மாதிரி தொறக்கறேன். அதுக்கு மேல வாயால சொல்ல எனக்கு வராது.”

ஹம்சவேணி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து உள்ளே இருந்த இரண்டே இருக்கைகளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், “லிஃப்ட்ல ஏத்துங்ணா” என்று மட்டும் சொன்னாள்.

வேலையைத் தானே செய்வேன் என்றார் கோவர்த்தனன். அவளும் விட்டுவிட்டாள். அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் கார் அடியில் நின்று, கைக்கு வாகாக எட்டிய இடத்தில் குறி வைத்து, குழாயை அறுத்து, வாயைப் பொருத்தி ஒட்டினார். இத்தனை வயதில் இந்த வேலை வந்துவிட்டதே என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

என்ஜினைக் கிளப்பி, வாயைத் திறந்ததும் சத்தம் வந்தது. கூடவே கரும்புகையும் வந்தது. என்ஜின் திணறியது. பெட்ரோல் நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியது.

ஹம்சவேணி கையைக் கழுவிக்கொண்டே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

“குழாய்ல ஒரு குமிழ் இருக்குது பாருங்ணா. அது என்ன?”

“சென்சார்.”

“அது என்ஜினுக்கு மூக்கு. தான் வெளிய விடறது என்னன்னு என்ஜின் அதுலதான் மோந்து பார்க்கும். பார்த்துட்டுத்தான் உள்ள எவ்வளவு பெட்ரோல் வேணும்னு முடிவு பண்ணும். நீங்க அந்த மூக்குக்கு முன்னாலயே ஓட்டை போட்டுட்டீங்க. வெளிக்காத்து உள்ள பூந்துடுச்சு. இப்ப, தான் என்னத்த வெளிய விடறோம்னு அதுக்கே தெரியல.”

கோவர்த்தனன் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகர டப்பா என்று தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. சொன்ன அன்று விழவில்லை.

“எத்தனை வருஷமா இப்படி ஓடிட்டு இருந்திருக்குமோ” என்றார் தனக்குள்.

“இப்பத்தானுங்களே அறுத்தீங்க” என்றாள் அவள், காரைத்தான் சொல்கிறார் என்பதுபோல.

வெட்டிய இடத்தை அடைத்து, மூக்குக்குப் பின்னால் புதிதாக வாய் வைத்தார்கள். இந்த முறை அவள் பக்கத்திலேயே நின்றாள். ஸ்விட்சை மட்டும் தானே மாட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள். அவர் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, ஸ்விட்ச் ஸ்டியரிங் பக்கத்தில் இல்லை. இடது பக்கக் கதவில், கை வைக்கும் இடத்துக்குக் கீழே இருந்தது.

“என்ன வாத்தியாரம்மா, எனக்கு எட்டாதே?”

“எட்டுமுங்ணா.”

அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். சீட் பெல்ட் இழுத்துப் பிடித்தது. விரல் காற்றில் நின்றது. பிறகு அவருக்கே புரிந்தது போலிருந்தது. பக்கத்தில் உட்காருகிறவன் நிரஞ்சன். திறப்பதும் மூடுவதும் அவன் விருப்பமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று நினைத்து அவளைக் கும்பிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

மகன் வந்துவிட்டுப் புனேக்குத் திரும்பிப் போன மறுநாள் கோவர்த்தனன் பட்டறைக்கு வந்தார். மஞ்சள் காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஹம்சவேணிதான் வெளியே வந்தாள்.

“வந்தாங்களாண்ணா?”

“வந்தாங்க. நேத்துக் காலையில கெளம்பிட்டாங்க.”

“டிராக்குக்கு வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “ஏர்போர்ட் வாசல்ல இந்தக் காரை நிறுத்திட்டு ராஜா மாதிரி நின்னேன். அவன் வந்தான். தோள்ல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. பின்னால மருமக, பெட்டி தள்ளிக்கிட்டு. காரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், ‘அப்பா, நாங்க மூணு பேருப்பா’ன்னான்.”

ஹம்சவேணி குனிந்து அந்த இரண்டு இருக்கைகளை மறுபடி பார்த்தாள்.

“தெரியாம இல்ல. பேத்திக்கு வீட்டுல சைக்கிள்கூட வாங்கி வெச்சிருக்கோம். ஆனா வீட்டுல இருந்து கெளம்புறப்போ என் மனசுல அவன் ஒருத்தன்தான் வந்துட்டிருந்தான். அன்னிக்குப் போனப்ப இருந்த அதே வயசுல. தோள்ல ஒரு பையோட.”

“அப்புறம்?”

“டாக்ஸி புடிச்சாங்க. நான் பின்னாலயே தனியா ஓட்டிட்டு வந்தேன். பக்கத்து சீட்டு காலி. ஸ்விட்ச் அங்க சும்மா இருக்குது.”

“வீட்டுல இருந்தப்போ ஒரு தடவைகூடக் கார்கிட்ட வரலீங்களா?”

“வந்தானே.” அவர் குரல் தணிந்தது. “ஒரு சாயங்காலம் தானா எறங்கி வந்தான். கார்ல கை வெச்சுக்கிட்டே சுத்தி வந்து, இந்தப் பக்கம் நின்னான். இதோ, நான் உக்காந்திருக்கற கதவுகிட்ட. கண்ணாடி வழியா உள்ள பார்த்தான். நான் வராண்டாவுல இருந்து பார்த்துட்டேன். சாவியை எடுத்துட்டு ஓடிப்போய் அந்தப் பக்கக் கதவைத் தொறந்து, ‘உக்காருடா, டிராக் வரைக்கும் போலாம், உனக்காக ஒண்ணு மாட்டியிருக்கேன்’ன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“தொறந்த கதவைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். ‘பரவாயில்லப்பா’ன்னான். உள்ள போயிட்டான்.”

டிராக்கில் யாரோ கார் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சத்தம் தூரத்தில் ஏறி, வளைவில் இறங்கி, மறுபடி ஏறியது.

“அவனுக்கு இப்ப சத்தமெல்லாம் புடிக்கறதில்ல போல” என்றார் கோவர்த்தனன். “வயசாயிடுச்சில்ல. நான்தான் காலம் கடந்து கொண்டு போய் நீட்டுறேன். கழட்டிருங்க வாத்தியாரம்மா. தகடு வெச்சு மூடிருங்க.”

“கழட்டறது பெரிய வேலையில்லீங்ணா.”

“ஸ்விட்சை நீங்க அவனுக்குன்னு நெனச்சு அந்தப் பக்கம் வெச்சீங்க. அதுகூட வீணாப் போச்சு.”

ஹம்சவேணி காரைச் சுற்றிக்கொண்டு போனாள். இடது கதவைத் திறந்து, காலி இருக்கையில் உட்கார்ந்தாள். பந்தயங்களில் அவள் உட்கார்ந்து பழகிய பக்கம் அது. கையைத் தொங்கவிட்டதும் விரல் தானாகவே ஸ்விட்சின்மேல் விழுந்தது.

“இதை உங்க பையனுக்குன்னு யாருண்ணா சொன்னது?”

“பின்ன?”

“உங்களுக்குத்தான் வெச்சேன்.”

“எனக்கா? நான் ஓட்டுறப்போ எட்டவே எட்டாதே, அம்மா.”

அவள் அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

“நீங்க ஓட்டுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்களேண்ணா.”