எயினிக்கு வராத குரல்

யானைக்கு ஒரு மணியும், மணியைத் துடைக்க ஓர் ஆளும், அந்த ஆளை அதட்ட ஓர் அதிகாரியும் இருந்த காலத்தில், ஆலங்கரை என்று ஒரு நாடு இருந்தது. பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். தூக்கம் வருகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருங்கள், போதும்.

அந்த நாட்டு அரண்மனையில் எயினி என்று ஒரு பெண் இருந்தாள். கூத்தாடிகளின் மகள். வயது பதினைந்து, வாய்க்கு மட்டும் வயது நூறு. ஒருமுறை கேட்டால் போதும், எந்தக் குரலும் அவள் தொண்டையில் குடியேறிவிடும். அமைச்சரைப் போலக் கனைப்பாள். காவலாளிகள் வெறுங்கதவுக்குக் கும்பிடு போடுவார்கள். கிடாயைப் போலக் கத்துவாள். ஆடு மேய்க்கிறவன் அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வருவான். ஒருநாள் அரசியைப் போல அதிரசம் கேட்டாள். சமையல்காரர் தட்டு நிறையக் கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டினார். தட்டு மட்டும் திரும்பி வந்தது.

ஆனால் எயினிக்கு ஒரு ரகசியம் உண்டு. அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. யாராவது படிப்பதை ஒருமுறை கேட்டுவிட்டு, அதே ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். அரண்மனையே அவளைப் படித்தவள் என்று நம்பியது. உண்மை தெரிந்தால் என்ன ஆகும்? ஊரைச் சிரிக்க வைப்பது வேறு, ஊர் சிரிப்பாய்ச் சிரிப்பது வேறு. அந்தப் பயம் அவளுக்கு.

இளவரசனுக்கு ஏழு வயதானது. அவனுக்குக் கற்பிக்க மூன்று ஆசிரியர்கள் முன்வந்தார்கள். சபையில் மூவரும் நன்றாகப் பேசினார்கள். அரசர் குழம்பிப்போய் எயினியைக் கூப்பிட்டார்.

"ஏய், அதிரசத் திருடி. மூன்று பள்ளியிலும் போய் மாணவியாக உட்கார். பிறகு இந்தச் சபையில் நின்று, அங்கே கேட்டதைக் கேட்டபடி காட்டு. கூட்டாதே, குறைக்காதே. ஒன்றைக் காட்ட முடியாவிட்டாலும் உன் மூட்டையைக் கட்டிவிடலாம்."

"இதென்ன பெரிய வேலை அரசே" என்று எயினி அரசரின் குரலிலேயே பதில் சொன்னாள். அரசர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

முதல் பள்ளி திருமேனிப் புலவருடையது. சங்கு ஊதுவது போன்ற குரல் அவருக்கு. ஒரு பாட்டைச் சொன்னார். எயினி அதை அவர் குரலிலேயே, நடுவில் வந்த செருமல் உட்பட, திருப்பிச் சொன்னாள். புலவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா, இவளுக்குச் சொல்லித்தர இனி ஒன்றுமில்லை" என்றார். ஓர் எழுத்துகூடக் கற்காமல் எயினி தேறிவிட்டாள்.

இரண்டாவது பள்ளி கடுவன் வாத்தியாருடையது. அவருக்குக் குரலைவிடப் புளியம் விளார் நீளம். ஒரு தப்புக்கு ஒரு அடி. அங்கே யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை, விளாரையே பார்த்தார்கள். எயினி பக்கத்துப் பையன் வாயைப் பார்த்து வாயசைத்தாள். அவன் அவனுக்குப் பக்கத்துப் பையனைப் பார்த்தான். அந்தக் கடைசிப் பையன் யாரைப் பார்த்தான் என்பது அவனுக்கே தெரியாது.

மூன்றாவது பள்ளி நல்லங்கை என்ற பெண்ணுடையது. மணல் பரப்பிய ஒரு கூடம், அவ்வளவுதான். நல்லங்கை ஒரு பாட்டை மணலில் எழுதி, படித்துக் காட்டினாள். எயினி கடகடவென்று ஒப்பித்தாள். நல்லங்கை புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றாள்.

எயினியின் உதடுகள் பாட்டின் முதலிலிருந்து முணுமுணுவென்று ஓடி வந்தன. ஓடி வந்து சரியான இடத்தில் நின்றன. விடை சரிதான். ஆனால் நல்லங்கை பார்த்துக்கொண்டிருந்தது விடையை அல்ல, உதடுகளை.

"தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தால்தான் வீடு தெரியுமா உனக்கு? நேரே வந்து கதவைத் தட்டேன்" என்று சொல்லி, அதே எழுத்துகளை மாற்றிக் கலைத்து எழுதினாள்.

எயினி விழித்தாள். அகப்பட்டுக்கொண்டால் எப்போதும் செய்வதையே செய்தாள். யானையைப் போலப் பிளிறினாள். பிள்ளைகள் மணலில் உருண்டு சிரித்தார்கள். நல்லங்கையும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "யானை நன்றாக வந்தது. இப்போது இந்த எழுத்து."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள் காத்திருப்பார்களே, அப்படி.

"தெரியாது" என்று ஒரு குரல் வந்தது. மெல்லிசான குரல், ஓரத்தில் கொஞ்சம் கீறல். யார் பேசியது என்று எயினியே திரும்பிப் பார்த்தாள்.

"சரி, யானையிலிருந்தே தொடங்குவோம்" என்று நல்லங்கை மணலில் 'யா' என்று எழுதினாள்.

அங்கே தறிக்காரர் மகன் நெய்யும் நூல்களின் பெயர்களிலிருந்து எழுத்துக் கற்றான். திக்குவாய்ப் பெண் ஒரு சொல்லை முடிக்கும்வரை கூடமே காத்திருந்தது. ஒருநாள் எயினி கேட்ட கேள்விக்கு, "எனக்கும் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்றாள் நல்லங்கை. மறுநாள் சொன்னாள்.

சில மாதங்கள் கழித்துச் சபை கூடியது. எயினி முதல் பள்ளியைக் காட்டினாள். சபை சிரித்தது, புலவர் தன் குரலைத் தானே ரசித்தார். இரண்டாவதைக் காட்டினாள். விளார் காற்றைக் கிழிக்கும் ஓசையில் இளவரசன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

மூன்றாவதற்கு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

நல்லங்கையைப் போலப் பேசுவது அவளுக்குக் கடினமே இல்லை. அந்தக் குரலில் ஓர் அழகான பேச்சைக் கட்டிவிடலாம். வேலையும் தப்பும், ரகசியமும் தப்பும். ஆனால் அந்தக் கூடத்தில் அவள் கேட்டது அந்தக் குரலையா?

"மூட்டை கட்டலாமா?" என்றார் அரசர்.

"அரசே, நான் இதுவரை கேட்காத ஓலை ஒன்று கொடுங்கள்."

அரசர் ஓலைக்கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். எயினி அதன்மேல் விரலை வைத்தாள். எழுத்து எழுத்தாக, தடுக்கி விழுந்து, எழுந்து, ஓரிடத்தில் தப்பாகப் படித்து, திரும்பிப் போய்த் திருத்திப் படித்தாள்.

"எ… யி… னிக்கு… இனி… அரி… இல்லை, அதி… ரசம்… கொடுக்க… வேண்டாம்."

சபை வயிறு குலுங்கச் சிரித்தது. அரசர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது யாருடைய குரல்? நான் கேட்டதே இல்லையே."

"என்னுடையதுதான் அரசே. நீங்கள் பள்ளிக்கு அனுப்பும்வரை எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்ததுபோல் எல்லாரையும் ஏமாற்றினேன். மூன்றாவது பள்ளியில் நான் கேட்டது இந்தக் குரலைத்தான்."

சிரிப்பு அடங்கியது. இளவரசன் சிம்மாசனத்தின் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டான்: "தப்பாப் படிச்சா அங்கே என்ன செய்வாங்க?"

எயினி அவனைப் பார்த்தாள். இப்போது நல்லங்கையின் குரல் தானாக வந்தது. "யானை நன்றாக வந்தது. இப்போது இந்த எழுத்து."

இளவரசன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தான். அரசர் அந்தக் கையைப் பார்த்தார். வேறு யாரையும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மணல் பரப்பிய கூடத்தில், தறிக்காரர் மகனுக்கும் எயினிக்கும் நடுவில், இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் ஒரு தட்டு அதிரசம் இருந்தது. கேட்டு வாங்கியது யார் குரலில் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாணவரின் வாயில் மாணவரின் சொந்தக் குரலையே ஒலிக்க வைப்பவரே நல்ல ஆசிரியர்.