நீளக் கழுத்து டைனோசரும் ஞானதுரை அண்ணாச்சியோட கட்டிலும்

ஒரு ஊர்ல ஒரு விமர்சனக்காரி இருந்தா. விமர்சனக்காரின்னா யாரு தெரியுமா? கடைக்குப் புதுசா ஒரு பொம்மை வந்தா, நாம வாங்குறதுக்கு முன்னாடியே அவ அதைப் பிரிச்சு, பூட்டி, ஆட்டிப் பார்த்து, நல்லதா நொள்ளையான்னு ஞாயித்துக்கிழமை பேப்பர்ல எழுதுவா. சண்முகவடிவுன்னு பேரு. ஊருக்கு வடிவு. அவ வாயிலேர்ந்து வர்ற பெரிய பாராட்டே "பரவாயில்ல"தான். அதுக்கு மேல ஒரு சொல்லு அவ எழுதினதே இல்ல. ம் கொட்டு.

ம்.

அவ தெருவுலயே ஞானதுரைன்னு ஒரு அண்ணாச்சி இருந்தாரு. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. ஒத்த அறை வீடு, ஒத்த ஆளு. டக்கு டக்குனு ஒண்ணோட ஒண்ணு பொருந்துற பிளாஸ்டிக் கட்டை இருக்குல்ல, அதுல செஞ்ச டைனோசருன்னா அவருக்கு உசுரு. டிவி மேல ஒண்ணு, அரிசி டிரம்மு மேல ஒண்ணு, சன்னல்ல நாலு.

அப்போ என்ன ஆச்சு, சேகரிக்கிறவங்களுக்குன்னே ஒரு பெரிய செட்டு வந்துச்சு. நீளக் கழுத்து டைனோசரு. நிமிந்தா ஆள் உசரம், படுத்தா கட்டில் நீளம். அண்ணாச்சி வீட்டுல அதை வைக்கணும்னா கட்டிலை எடுத்தாத்தான் இடம். அந்தக் கட்டிலு சும்மா கட்டில் இல்ல கண்ணு. காலம் பூரா டெப்போ பெஞ்சுலயும் பஸ் சீட்டுலயும் காலை மடக்கித் தூங்குன மனுசன், ரிட்டயர் ஆன மறுநாளு ஆசையா வாங்குன கட்டிலு.

நேரா வடிவு வீட்டுக்கு வந்தாரு. "தாயி, நீ பாத்துச் சொல்லு. நல்லா இருக்குன்னா கட்டிலைத் தம்பி வீட்டுக்குக் குடுத்துருதேன். இல்லைன்னா இந்த ஆசையை இத்தோட விட்டுருதேன்."

"அண்ணாச்சி, நான் பொம்மைக்குத்தான் தீர்ப்பு சொல்லுவேன். கட்டிலுக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான் தாயி எனக்கு."

அப்புறம் வடிவு வீட்டுக்குப் பெட்டி வந்துச்சு. ரெண்டு பேரு முக்கி முனகித் தூக்கிட்டு வந்தாங்க. கீழ வெச்சா, தொம்! உள்ளே பை பையா கட்டை. குலுக்குனா சலசலன்னு ஆத்துத் தண்ணி மாதிரி சத்தம். வடிவு சாப்பாட்டு மேசையைக் காலி பண்ணி உக்காந்துட்டா. எப்படிப் பூட்டணும்னு படம் போட்ட புத்தகத்தோட பக்கம் படபடன்னு புரளுமேன்னு ஃபேனைக்கூடப் போடல. வேர்த்து ஊத்த ஊத்த, டக்... டக்... டக்.

முதல்ல காலு வந்துச்சு. ஒவ்வொரு காலும் உரல் மாதிரி. அப்புறம் வயிறு. வயித்துக்குள்ள வைக்கச் சொல்லி ஒரு பை நிறைய செவப்புக் கட்டை. "உள்ள போய் மறையப்போறதுக்கு எதுக்கு இம்புட்டு?"ன்னு முணுமுணுத்துக்கிட்டே வெச்சா. குறைன்னு மனசுல முடிச்சும் போட்டுக்கிட்டா. அப்புறம் வாலு. அப்புறம் கழுத்து போச்சு போச்சு, மேல போய்க்கிட்டே இருந்துச்சு. கடைசியில ஸ்டூல் போட்டு ஏறி, தலையை மாட்டுனா.

கடிக்குமான்னு கேக்குறியா? கடிக்காது. அது இலை தழை தின்னுற டைனோசரு.

வடிவுகிட்ட மூணு சோதனை உண்டு. எந்தப் பொம்மை வந்தாலும் மூணும் நடக்கும்.

மேசையை ஆட்டிப் பாக்குறது ஒண்ணு. கடகட கடகடன்னு ஆட்டுனா. டைனோசரு அசையல. "ம்"னா வடிவு.

இடுப்பைக் கட்டிப் பிடிச்சுத் தூக்குறது ரெண்டாவது. நம்ம வீட்டுல கூட்டித் துடைக்கணும்னா தூக்கித்தானே ஆகணும்? மூச்சைப் பிடிச்சு ஒரு விரக்கடை தூக்குனா. ஒரு கட்டை உதிரல. "ம்ம்"னா.

மூணாவது, ஃபேனை அஞ்சுல வைக்கிறது. வெயில் ஊரு, வேற வழி இல்ல. வாலு நுனி மெலிசா இருக்கே, காத்துல அதுதான் விழும்னு கண்ணை வால் மேல வெச்சுக்கிட்டு சுவிட்சைப் போட்டா. நீ யோசி. மேசை மேல டைனோசரு. டைனோசரு மேல கழுத்து. கழுத்து மேல தலை. தலை எங்க இருந்துச்சு?

ஃபேனோட ரெண்டு ரெக்கைக்கு நடுவுல!

படார்! சடசடசட! தலை தூளு. கட்டை சோஃபாவுக்கு அடியில, ஃப்ரிட்ஜுக்கு அடியில, அடுப்படி வரைக்கும் போச்சு. இருவது வருசம் பொம்மை பாத்தவ, தலைக்கு மேல பாக்கல.

அடுத்த நாளு அண்ணாச்சி வர்றேன்னு சொல்லியிருக்காரு. வடிவு யோசிச்சா. ஒடைஞ்சதைக் காட்டுனா அந்த மனுசன் ஆசையும் ஒடைஞ்சுருமே. செட்டு மேல தப்பு இல்ல, தன் மேலதான் தப்பு.

உடம்பை ரெண்டாக் கழட்டி, மேசையிலேர்ந்து இறக்கி, தரையில நிறுத்திப் பூட்டுனா. தலைக்கட்டையை எல்லாம் பொறுக்கி மறுபடி மாட்டுனா. எல்லாம் சேந்துச்சு. ஒரு கண்ணு மட்டும் இல்ல. தேன் நெறத்துல, சுண்டைக்காய் அளவுல ஒரு கண்ணு.

துடைப்பத்தை விட்டுத் துழாவுனா. இல்ல. குனிஞ்சு பாத்தா. இல்ல. கடைசியில தரையில கன்னத்தை வெச்சுப் பாத்து, அப்புறம் மல்லாக்கப் படுத்து, டைனோசரோட வயித்துக்கு அடியில நகந்து போனா. கையில ஏதோ குளுகுளுன்னு தட்டுப்பட்டுச்சு. கண்ணு!

எடுத்துக்கிட்டு மேல பாத்தா.

பாத்தவ எந்திரிக்கல.

மேல விலா எலும்பு ஒண்ணொண்ணா வளைஞ்சு, கவுத்து வெச்ச படகு மாதிரி நின்னுச்சு. அதுக்கு நடுவுல, தேங்காய் பெருசுல, செக்கச்செவேல்னு ஒரு இருதயம். அவ கையாலயே வெச்ச செவப்புக் கட்டை. மேலேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. பெட்டிப் படத்துலயும் இல்ல. காலுக்கு அடியில கெடக்குறவங்களுக்கு மட்டும்னு யாரோ செஞ்சிருக்காங்க. அதுக்கும் மேல கழுத்து தூரத்துல, தூரத்துல போயி, அங்கேர்ந்து ஒத்தக் கண்ணு அவளையே குனிஞ்சு பாத்துச்சு.

வடிவு வாயிலேர்ந்து ஒரே சத்தம். "ஆத்தாடி."

ம் கொட்டுறியா? ... ம். நல்ல புள்ள.

மறுநாளு அண்ணாச்சி வந்தாரு. வாசல்லயே நின்னாரு. செருப்பைக் கழட்டவும் பயம்.

"நொள்ளையா தாயி? இருந்தா பட்டுனு சொல்லிரு."

"ஃபேன் போட்டுத் தலையை ஒடைச்சேன். மறுபடி மாட்டி வெச்சிருக்கேன். தப்பு என்னோடது."

"சரி, அதை விடு. கட்டிலை எடுக்கட்டா, வேண்டாமா?"

"படுங்க அண்ணாச்சி."

"எங்க?"

"தரையில. அதுக்கு அடியில."

"இந்த வயசுல என்னை உருள விடுதியே"ன்னு சிரிச்சுக்கிட்டே முட்டியை மடக்குனாரு. மடக், மடக். மெல்லப் படுத்து, நகந்து, மேல பாத்தாரு. வடிவு காப்பி போட்டு எடுத்துட்டு வந்தா. காப்பி ஆறிப் போச்சு.

"அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?"

"இல்ல தாயி. கட்டில்ல படுத்தா இது தெரியாதே?"

"தெரியாது."

"அப்ப கட்டில் எதுக்கு?"

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வடிவு எழுதுனா: "இதை மேசையில வைக்காதீங்க. ஃபேனுக்கு அடியில வைக்கவே வைக்காதீங்க. அதுக்கு அடியில ஒரு பாயைப் போட்டுப் படுத்துப் பாருங்க." உள்ள என்ன தெரியும்னு மட்டும் எழுதல. பேப்பர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. "என்ன வடிவு, கடைசியில 'பரவாயில்ல'யைக் காணோமே?"

"இதுக்கு அது பத்தாது"ன்னு போனை வெச்சுட்டா.

அப்புறம் கட்டிலு தம்பி வீட்டுக்குப் போச்சு. டைனோசரு அண்ணாச்சி வீட்டுக்கு வந்துச்சு. அங்க டேபிள் ஃபேன்தான், தலைக்குப் பயம் இல்ல. விளக்கை அணைக்குறதுக்கு முன்னாடி அண்ணாச்சி பாயை விரிச்சு, காலை நல்லா நீட்டி, அந்த செவப்பு இருதயத்துக்கு நேர் கீழ படுத்துக்குவாரு. மேலேர்ந்து ரெண்டு தேன் கண்ணும் பாத்துக்கிட்டே இருக்கும்.

ம்?

...

டைனோசரு நின்னுச்சு, அண்ணாச்சி சாஞ்சாரு, கதையும் பாய்ல படுத்துருச்சு. நீ தூங்கு கண்ணு.