தாய் மரத்தைத் தாங்கிய மூவர்

மூளை பங்கு போட்ட அன்று வரிசையில் நிற்காமல் டீ குடிக்கப் போனவர்கள் மூன்று பேர்: சன்னாசி, பேயாண்டி, லூர்துசாமி. மூவரும் கூதல்மலைக் காட்டு நாற்றுப்பண்ணையில் தற்காலிகக் கூலிகள்.

காடு முழுக்கக் கோணல் பைன் மரங்கள். நேராக நின்றது ஒன்றே ஒன்று. ரேஞ்சர் வனஜோதி அதைக் காட்டினார்.

"இதோட கிளை நுனியை வெட்டி மணல்ல போத்து நடுங்க. போத்துன்னா தாய் மாதிரியே அச்சா வளரும். மரத்துல எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ, அதே பக்கம் மேல இருக்கணும். நிழல் முக்கியம். வேர் பிடிச்சா உங்க வேலை நிரந்தரம்."

நிரந்தரம் என்றதும் மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

கிளைகளோ தரையைப் பார்த்துத் தொங்கின.

"அப்படின்னா வெட்டுன பக்கம்தான் மேல. இலை மண்ணுக்குள்ள போகணும்" என்றான் சன்னாசி.

"ரேஞ்சரம்மா படிச்சவங்க. காரணம் இல்லாம சொல்ல மாட்டாங்க" என்றான் பேயாண்டி.

இலையெல்லாம் மணலுக்குள் போனது.

அடுத்து நிழல். குடை பிடித்தார்கள். மலையில் ஒரே மூடுபனி, நிழல் விழவில்லை. கூடிப் பேசி, குடைக்கு மேலே பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டார்கள். நிழல் அருமையாக விழுந்தது. இரண்டு குடை எரிந்த பிறகு விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

சில வாரம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் ஒன்றிலும் வேரில்லை.

"நம்ம வேலை போச்சுண்ணே" என்று லூர்துசாமி அழுதே விட்டான்.

"பிள்ளைக்கு இல்லைன்னா பெத்தவதானே குடுக்கணும்?" என்றான் பேயாண்டி.

"குடுக்குமா?"

"அம்புட்டுப் பெரிய மரம். கொஞ்சமாவா வெச்சிருக்கும்?"

தாய் மரத்தைச் சுற்றித் தோண்டி, வேரையெல்லாம் நறுக்கி, ஒவ்வொரு போத்திலும் வாழைநாரால் கட்டி நட்டார்கள்.

ரேஞ்சர் வந்து ஒன்றைப் பிடுங்கினார். "ஏதுய்யா இவ்வளவு வேர்?"

"எல்லாம் தாய் குடுத்ததும்மா."

மேட்டிலிருந்து மடமடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் தாய் மரம் சாய்ந்துகொண்டிருந்தது.

"பாவிகளா, புடிங்க! மறுபடி வேர் பிடிக்கிற வரைக்கும் நீங்களே தாங்குங்க!"

தாங்கினார்கள். இன்றும் தாங்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். மேலிடத்துக் குழு வந்து, மரம் என்ன நேர்த்தியாக நிற்கிறது என்று மெச்சிப் படம் பிடித்துக்கொண்டு போனது. 'மரம் தாங்குவோர்' என்று புதுப் பதவி உண்டாக்கி, மூவரையும் நிரந்தரமாக்கி ஆணையும் வந்துவிட்டது.

"அண்ணே, மரம் வேர் விட்டுருச்சா?" என்று கேட்டான் லூர்துசாமி.

"மரம் விட்டுச்சோ என்னவோ, என் காலை அசைக்க முடியலடா. எனக்கு விட்டுருச்சு போல" என்றான் சன்னாசி.

பேயாண்டி பதறிப்போனான். "மெதுவாப் பேசுண்ணே! அம்மா காதுல விழுந்தா, உங்கிட்ட போத்து வெட்ட வந்துருவாங்க."