மானேஜர் மேஜைக்கு வந்த லைன்

சேலத்தில் ஒரு பார்சல் ஆபீஸ். அங்கே போன் எடுப்பது ஜெபக்கனியின் வேலை. மானேஜர் ரத்தினசபாபதிக்கோ தன்னைவிட விவரமானவர் ஊரிலேயே இல்லை என்று நினைப்பு.

ஒருநாள் அவர் சொன்னார்: "நாளையிலேர்ந்து நம்ம போனெல்லாம் இன்டர்நெட் லைன்ல ஓடும். கூப்பிடுறவங்க நேரா உரியவர்கிட்ட பேசிடலாம். இனி நீ வேண்டாம்மா. ஆனா, 'விசாரிச்சுச் சொல்றேன்'னு யாரையும் காக்கவைக்கக் கூடாது. லைன் மாத்த வர்ற டெக்னீஷியன்கிட்ட அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லிட்டுப் போ."

"அப்போ எல்லா விவரமும் தெரிஞ்சவர் மேஜைக்குத்தான் லைன் கொடுக்கணும். அது யாருங்க சார்?"

"என்னைத் தவிர வேற யாரு?"

"சரிங்க சார்" என்றாள். டெக்னீஷியனிடமும் அப்படியே கொடுக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையிலிருந்து அவர் போன் ஓயவில்லை. பழைய லைனில் ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கிடைக்காது. இதிலோ அத்தனை பேரும் போனிலேயே வரிசையில் நின்றார்கள். "என் மோட்டார் எங்கே?" "ஓசூர் வண்டி கிளம்பிடுச்சா?" ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை.

விடைபெற வந்த ஜெபக்கனியைப் பார்த்ததும், "அம்மா, கொஞ்சம் எடும்மா!" என்று கெஞ்சினார்.

அந்த வரிசையில் காத்திருந்து அலுத்துப்போன முதலாளியம்மாவும் அப்போது நேரிலேயே வந்து நின்றார். நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"எல்லா லைனும் ஜெபக்கனி மேஜைக்கே வரட்டும். சார், நீங்க குடோனைப் பாருங்க."

ஜெபக்கனி உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். "வணக்கம், சொல்லுங்க. உங்க மோட்டாரா? அது நேத்தே வந்துடுச்சு."