மயிலுக்குத் திரும்பி வந்த குரல்

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை. சொல்வதற்கு ஒன்றும் இருக்காது; ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனால்தான் பயம். அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. வெயில் காலத்தில் அது வெறும் மணல். மலையில் மழை பெய்துவிட்டாலோ, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்துவிடும். அதனால் மலை உச்சியில் மயிலும், கீழே ஆற்றங்கரையில் கீரியும் காவல் இருந்தன.

நடுவே, மூங்கில்களைக் கணு நீக்கி ஒன்றோடொன்று செருகி, இரண்டு நீளக் குழாய்கள் போட்டிருந்தன. ஒன்றில் மயிலின் பேச்சு கீழே இறங்கும். மற்றதில் கீரியின் பேச்சு மேலே ஏறும்.

சேதி இல்லாவிட்டாலும் சும்மா இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. மயில் தன் குழாயில் 'டொக்' என்று தட்டும். கீரியும் தன் குழாயில் 'டொக்' என்று தட்டும். "நான் இருக்கிறேன், குழாயும் சரியாக இருக்கிறது" என்பது அதன் பொருள்.

மயிலுக்குத் தன் குரல்மேல் அபாரப் பிரியம். எதிர்ப்பாறையைப் பார்த்து அகவும். தூரத்து மலையைப் பார்த்து அகவும். எதிரொலி வரும்போது கண்ணை மூடி ரசிக்கும். கூடவே தலையாட்ட ஓர் ஓணான் இருந்தது.

ஒரு நாள் மலைமேல் கருமேகம் கூடிக் கொட்டியது. தூரத்துச் சரிவில் செந்நீர் இறங்குவதை மயில் பார்த்தது. மலையைச் சுற்றிக்கொண்டு அது கீழே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும்.

மயில் குழாயில் வாய் வைத்தது. "வெள்ளம்! எல்லோரும் கரையேறுங்கள்!"

மற்றக் குழாயில் கீரியின் குரல் வந்தது. "மயிலே, உன் தட்டு வரவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை."

"கேட்கவில்லையா? நீ பேசுவது எனக்குக் கணீரென்று கேட்கிறதே!"

"உன் தட்டு வரவில்லை" என்றது கீரி மறுபடியும்.

"கீரியின் காதில் அழுக்கு" என்றது மயில்.

"அழுக்கேதான், மயிலண்ணே" என்று ஓணான் தலையாட்டியது.

அப்போது கீரி கீழே யாரிடமோ பேசுவதும் குழாய் வழியே கேட்டது. "துள்ளி, மணலை விட்டு ஏறு. மேலேயிருந்து தட்டு வரவில்லை."

துள்ளி என்பது ஒரு மான்குட்டி. "வெள்ளம் வருகிறதென்று மயில் மாமா சொன்னாரா?" என்று அது கேட்டது.

"இல்லை."

"அப்புறம் என்ன? புல் நன்றாக இருக்கிறது. நான் வரமாட்டேன்."

மயிலுக்குத் தோகையெல்லாம் சிலிர்த்தது. தொண்டை கிழியக் கத்தியது. "வெள்ளம்! வெள்ளம்!"

அதே குழாயிலிருந்து "...ள்ளம்! ...ள்ளம்!" என்று ஏதோ திரும்பி வந்தது.

"பார்த்தாயா! கீரி என்னைக் கேலி செய்கிறது!"

"கேலியேதான், மயிலண்ணே!"

மயில் திடுக்கிட்டு நின்றது. கீரியின் பேச்சு இந்தக் குழாயில் வராதே! அதுவும் இப்படிப்பட்ட குரல் இந்தக் காட்டில் வேறு யாருக்கு உண்டு? "இது என் குரல்! எப்போதும் கீழே போய்க் கீரியின் காதில் அடங்கிவிடும். இன்று திரும்புகிறதென்றால், வழியில் குழாய் அறுந்திருக்கிறது!"

"அறுந்தேதான், மயிலண்ணே. ஆனால் எங்கே?"

மயில் ஒரு முறை தட்டியது. 'டொக்' என்று தட்டியதும் 'டொக்' என்று திரும்பியது.

"தூரத்து மலையைப் பார்த்து அகவினால் மெதுவாகத் திரும்பும். எதிர்ப்பாறை உடனே திருப்பும். இது உடனே வந்துவிட்டது. பக்கத்தில்தான்!"

மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பலாமரத்து வளைவில் ஒரு கரடி, குழாயிலிருந்து உருவிய மூங்கிலை மடியில் போட்டு நக்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! என்ன காரியம் செய்தாய்?"

"உள்ளே தேனீ கூடு கட்டியிருந்தது. குழாயில் தேன் இருந்தால் நான் என்ன செய்வேன்?"

"கீழே குட்டிகள் மேய்கின்றன. வெள்ளம் வருகிறது!"

கரடி நக்குவதை நிறுத்தியது. மூங்கிலை அதன் இடத்தில் செருகி, இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டது. மூக்கில் தேனீ கொட்டியும் கரடி அசையவில்லை. மயில் உச்சிக்கு ஓடி வந்து கத்தியது. "வெள்ளம்! கரையேறுங்கள்!"

இந்த முறை எதுவும் திரும்பவில்லை.

"கேட்டது!" என்றது கீரி. கொஞ்சம் பொறுத்து, மூச்சு வாங்க, "துள்ளியைக் காலைப் பிடித்து இழுத்து வந்தேன். இப்போது மணலைக் காணோம்; எல்லாம் தண்ணீர்" என்றது.

நாட்கள் போயின. வெள்ளம் வடிந்து, மணலில் புதுப்புல் முளைத்தது. ஒரு காலை, தான் காட்டைக் காப்பாற்றிய கதையை மயில் ஓணானுக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தது. தட்ட மறந்துபோனது.

குழாயில் துள்ளியின் குரல் வந்தது. "கீரி மாமா, இறங்கட்டுமா?"

"மயில் இன்னும் தட்டவில்லை. வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. நீயே முடிவு செய்."

மயில் கதையைப் பாதியில் விட்டுக் குழாயை நோக்கி ஓடியது.

கீழே புல் முழங்கால் உயரம் நின்றது. 'டொக்' வரட்டும் என்று துள்ளி கரையிலேயே உட்கார்ந்துகொண்டது.

நீதி: நாம் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பது கேட்பவருக்குத்தான் தெரியும், "கேட்கவில்லை" என்று அவர் சொன்னால் நம்பு.