பெட்ரோல் டாங்கிக்குப் பூட்டு

மலைப்பாதை ஏற்றத்தில் மடத்துக் கார் மறுபடியும் நின்றுவிட்டது. டிரைவர் பவுன்ராஜ் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தான். இஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை.

பின் சீட்டில் குருவும் சீடர் வைத்திலிங்கமும் இருந்தார்கள். சீடர்தான் வயதில் மூத்தவர். செக்போஸ்ட்டில் லாரி லாரியாகத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தே ஓய்வு பெற்ற மனுஷர். காவி கட்டியும் அந்தக் கண் மாறவில்லை.

பவுன்ராஜ் பானெட்டைத் தூக்கியதும், அவர் குருவைக் காருக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"சாமி, இவனை இன்னிக்கே அனுப்பிடணும்."

"மடத்து வீட்லதானே பொண்டாட்டி பிள்ளையோட இருக்கான். எங்க போவான்?"

"திருடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"என்ன திருடினான்?"

"பெட்ரோல். கண்ணால பாக்கல. ஆனா எனக்குத் தெரியும். அதான் பழைய மூடியைக் கழட்டிப் போட்டுட்டு, பூட்டு வெச்ச மூடியா வாங்கி மாட்டினேன். சாவி என் இடுப்புல. அன்னிலேருந்துதான் வண்டி நிக்குது. திருட முடியலைங்கற கடுப்பு."

"நின்னா அப்புறம் எப்படிக் கிளம்புது?"

"அதான் வேடிக்கை. பெட்ரோல் இருக்கான்னு நான் மூடியைத் திறந்து பாப்பேன். உடனே கிளம்பிடும். மாட்டிக்குவோம்னு பயம் சாமி."

"ஒவ்வொரு தடவையுமா?"

"தவறாம."

குரு பவுன்ராஜைக் கூப்பிட்டு, தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்காரச் சொன்னார். அவன் முகம் செத்துப்போயிற்று. வேலை போச்சு என்றே நினைத்துவிட்டான், பாவம்.

"வைத்திலிங்கம், நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க."

பண்ணினார். கிளம்பவில்லை.

குரு அவர் இடுப்பிலிருந்த சாவியை வாங்கி டாங்கி மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"இப்பப் பண்ணுங்க."

ரெண்டு இருமல் இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. பவுன்ராஜ் கல்லில்தான் இருந்தான்.

குரு அவனை அழைத்து மூடியை நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பழைய மூடியில பொடி ஓட்டை ஒண்ணு இருக்கும் சாமி. பெட்ரோல் குறையக் குறைய காத்து உள்ள போகணும்ல, இல்லேன்னா பெட்ரோல் இஞ்சினுக்கு வராது. இதுல ஓட்டையே இல்லையே."

"இத்தனை நாளா நீ பாக்கலையா?"

"டாங்கிப் பக்கம் போனாலே ஐயா முறைக்கிறாரு. எதுக்கு வம்புன்னு பானெட்டோடயே மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்."

வைத்திலிங்கம் இறங்கி வந்தார். தப்பை ஒத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை.

"சரி சாமி, மூடியில ஓட்டை போட்டுக்கலாம். இவனும் இருந்துட்டுப் போகட்டும். சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும். யாரை நம்ப முடியுது?"

குரு சாவியைப் பவுன்ராஜின் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

"சாமி, அவன்கிட்டயா?"

"இந்த வளைவெல்லாம் நீங்க தூங்கிக்கிட்டுத்தானே வந்தீங்க, வைத்திலிங்கம். உயிரை அவன் கையில கொடுத்துட்டு, பெட்ரோலுக்கு மட்டும் எதுக்குப் பூட்டு?"